சிவப்பு விளக்கு எரிந்தால்...

நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிய லாரி தில்லிக்குப் போகிறது. வழியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது. என்ஜினின் மேல்புறம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. தாமதித்தால் பழம் அழுகிவிடும். லாரியை ஓட்டலாமா?

கூடாது. ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை உடனே அணையுங்கள்.

ஏன்? ஆயில் பம்பு அழுத்தம் கொடுத்து எல்லாப் பாகங்களுக்கும் ஆயிலை அனுப்புகிறது. அழுத்தம் குறைந்தால் பேரிங்கும் கேம் ஷாப்டும் தேயும். சில நிமிடத்திலேயே என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம்.

லாரி சமதரையில் நிற்கட்டும். பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துத் துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறதா? அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். எங்காவது ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஆயிலில் டீசல் வாடை வந்தாலோ, பால்போல் வெளுத்திருந்தாலோ ஓட்டாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? மெக்கானிக்கை அழையுங்கள். அவர் தனி மீட்டர் மாட்டி அழுத்தத்தை அளப்பார். அழுத்தம் சரி என்றால், கோளாறு விளக்கின் சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கும். அழுத்தம் குறைவு என்றால் பம்பு, பில்டர், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சத்தம் கேட்டதும் சிலர், “டைமிங் தப்பிவிட்டது” என்பார்கள். டைமிங் என்றால் என்ன? கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும். சரியான நேரத்தில் வால்வுகளைத் திறக்கும். இதற்காகப் பல்சக்கரங்களில் குறி இருக்கும். குறி மாறிப் பூட்டினால் ஸ்டார்ட் ஆகாது. அல்லது இழுவை குறையும், புகை வரும். ஆனால் அதனால் ஆயில் விளக்கு எரியாது.

ஆகவே முதலில் ஆயிலைப் பாருங்கள். பிறகு டைமிங்கைப் பார்க்கலாம்.

பழம் போனால் ஒரு லோடுதான் நட்டம். என்ஜின் போனால் பிழைப்பே நின்றுவிடும்.