தேகாரோக்கியமும் லாபக் கணக்கும்

ஒரு ரூபாய் போட்டால் மூன்று ரூபாய் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால், நம்மவர்கள் முதலில் தங்கள் மடியைத் தடவிப் பார்த்துக் கொள்வார்கள். அமெரிக்க முதலாளிகளோ அத்தகைய வார்த்தை ஒன்றைப் பல வருஷங்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். சொன்னவர்கள் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பண்டிதர்கள். ஆகவே நம்பினவர்களைக் குறைகூறவும் நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் உழைக்கும் வயதினரில் பெரும்பாலோருக்கு வைத்திய இன்ஷ்யூரன்ஸ், வேலை செய்யும் கம்பெனியின் மூலமாகவே கிடைக்கிறது. எனவே ஊழியனுக்கு வரும் நோய் முதலாளியின் பேரேட்டிலும் வந்து விழுகிறது. தாங்கள் செய்யும் ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உருக்குக்கு ஆகும் செலவைவிட வைத்தியச் செலவே அதிகம் என்று 2005-ஆம் வருஷ வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் அதிகாரிகள் முறையிட்டார்கள். இந்தப் பாரம் இல்லாத அந்நிய நாட்டுக் கம்பெனிகளோடு சந்தையில் எப்படிப் போட்டியிடுவது என்பதே அவர்களுடைய கவலை.

ஊழியர்களை நோயின்றி வைத்திருந்தால் செலவும் குறையும், வேலையும் பெருகும், போட்டியிலும் ஜயிக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. ரத்த அழுத்தத்தைச் சோதிப்பது, புகைப்பழக்கத்தை விட உதவுவது, நடைப் பந்தயம் வைப்பது, ஆகார விஷயமாகப் போதனை செய்வது முதலியவை கம்பெனிகளின் நித்திய அலுவல்களுள் சேர்ந்தன. 2010-ல் காதரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஜிருய் ஸாங் என்னும் மூவர் முந்திய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இத்திட்டங்களில் செலவாகும் 1 டாலருக்கு வைத்தியச் செலவில் சுமார் 3.27 டாலரும், ஊழியர் வேலைக்கு வராததால் ஆகும் நஷ்டத்தில் சுமார் 2.73 டாலரும் மிச்சமாகின்றன என்று எழுதினார்கள். அதே வருஷம் நிறைவேறிய சட்டமும் இத்திட்டங்களுக்கு ஊக்கம் அளித்தது. இன்ஷ்யூரன்ஸ் செலவில் 30 சதவிகிதம் வரையில் வெகுமதியோ அபராதமோ ஏற்படுத்த 2014 முதல் அது இடங்கொடுத்தது.

பள்ளிக்கூடத்தில் காலந்தள்ளும் நமக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று மாலையில் தனி வகுப்பு ஒன்று வைத்தால், முதல் வரிசையில் வந்து உட்காருகிறவர்கள் யார்? முன்பே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தாம். வருஷ முடிவில் அவர்கள் தேறியதைக் காட்டித் தனி வகுப்பின் மகிமையைப் பேசினால் தலைமையாசிரியர் சிரிப்பார். பழைய ஆராய்ச்சிகளில் பலவும் இப்படித்தான், தாமாகச் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்குச் சொல்லியிருந்தன.

2016-ல் இல்லினாய் சர்வகலாசாலையில், அதன் சிப்பந்திகளைக் கொண்டே இதைச் சோதித்தார்கள். டேமன் ஜோன்ஸ், டேவிட் மாலிட்டர், ஜூலியன் ரைஃப் ஆகியோர், ஏறக்குறைய 5,000 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றாருக்கே திட்டத்தில் சேரும் உரிமையை அளித்தனர். இரண்டு வருஷங்களுக்கு மேல் பார்த்தும், தேகப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் தொகை கூடியதே தவிர வைத்தியச் செலவிலோ, வேலைத் திறனிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் காணோம். அதே சிப்பந்திகளைப் பழைய முறைப்படி, சேர்ந்தவர் ஒரு பக்கம், சேராதவர் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தாலோ, திட்டம் அற்புதம் புரிந்ததாகவே தோன்றிற்று! சேர்ந்தவர்கள் சேருவதற்கு முந்திய வருஷத்திலேயே குறைந்த வைத்தியச் செலவு உள்ளவர்களாயிருந்ததுதான் ரகசியம்.

இந்த ஆராய்ச்சியாளர் இன்னொன்றும் சொல்கிறார்கள். இத்திட்டம் ஊழியரை ஆரோக்கியசாலி ஆக்காவிட்டாலும், ஆரோக்கியமுள்ளவரைக் கம்பெனிக்கு இழுக்கவும் அங்கேயே தங்கச் செய்யவும் உதவக்கூடும். அந்த வழியில் முதலாளிக்கு லாபமும் வரக்கூடும். நம் மனத்தை உறுத்துவது இந்த இடந்தான். நீரிழிவு உள்ள குமாஸ்தா எங்கே போவார்? அவருடைய மருந்துச் செலவு குறைந்துவிடவில்லை. ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. இதைப் போட்டித் திறன் என்று அழைப்பவர்கள் அழைக்கட்டும்.

பெய்க்கரும் ஸாங்கும் தங்கள் பழைய கணக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ‘பீஜேஸ்’ என்னும் பெரிய வியாபாரக் கம்பெனியின் சுமார் 33,000 ஊழியர்கள் வேலை செய்யும் 160 இடங்களில், குலுக்கல் முறையில் 20 இடங்களைப் பொறுக்கித் திட்டத்தை நடத்தினார்கள். 18 மாதங்களுக்குப் பின், ஒழுங்காகத் தேகப்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 8 பேர் அதிகம். ரத்த அழுத்தம், கொழுப்பு, வைத்தியச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. இதை 2019-ல் அவர்களே வெளியிட்டார்கள். தம் முந்திய முடிவுக்கு மாறான முடிவைத் தாமே தேடிப்போய் அச்சேற்றிய அந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூன்று வருஷக் கணக்கும் 2021-ல் வந்தது. அதிலும் நிலைமை மாறவில்லை.

உத்தியோகத்துக்கும் தேகநிலைக்கும் சம்பந்தமே இல்லையோ என்றால், நிறைய உண்டு. மைக்கேல் மார்மட் என்பவர், 1967-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு லண்டன் சர்க்கார் சிப்பந்திகள் சுமார் 18,000 ஆண்களைப் பற்றி ஆராய்ந்தார். மேல்படியிலிருந்த அதிகாரிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மரண விகிதம் கடைசிப் படியிலிருந்தவர்களிடையே காணப்பட்டது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கில் கழித்தும் பெரும்பகுதி எஞ்சி நின்றது. பெண்களையும் சேர்த்து 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில் காரணம் சற்றுத் துலங்கிற்று. எந்த வேலையை எப்பொழுது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் குறைந்தவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வந்தது. நடைப் பந்தயம் வைப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சந்தான். அந்தச் சுதந்திரத்தைக் குமாஸ்தாவுக்குக் கொடுப்பதென்றால் மேலதிகாரி தம்முடையதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.