விமானித் திறன்கள்

விமானித் திறன்கள் என்பன, பயணிகள் விமானம் ஒன்றைப் பாதுகாப்பாகச் செலுத்துவதற்கு அதன் விமானிகள் (வானோடிகள்) பெற்றிருக்க வேண்டிய அறிவு, பயிற்சி, நடத்தை ஆகியவற்றின் தொகுதி ஆகும். இவை நுட்பத் திறன்கள், நுட்பம் சாராத் திறன்கள் என இரு வகைப்படும். விமானத்தைக் கையாளுதல், கருவிகளை இயக்குதல், நடைமுறைகளைப் பின்பற்றுதல் முதலியன முதல் வகையைச் சாரும். சூழலை உணர்தல், முடிவெடுத்தல், கருத்துப் பரிமாற்றம், கூட்டாகப் பணியாற்றுதல் முதலியன இரண்டாம் வகையைச் சாரும். விமானத்தைச் செலுத்தத் தெரியாமையால் அன்றி, தெரிந்ததை உரிய வேளையில் செய்யாமையால் நேர்ந்த விபத்துகளே இரண்டாம் வகைத் திறன்களின் தேவையை உலகிற்கு உணர்த்தின.

உரிமமும் பயிற்சியும்

இந்தியாவில் விமானி உரிமங்களை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்குகிறது. வணிக விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 18 வயதும் 200 மணிநேரப் பறத்தல் பட்டறிவும் தேவை. பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்கு உரிய உயர்நிலை உரிமத்திற்குக் குறைந்தது 21 வயதும் 1500 மணிநேரப் பறத்தல் பட்டறிவும் வேண்டும். இவற்றுடன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் அவசியம். பன்னாட்டுப் பறத்தலுக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த ஆறு நிலைகளுள் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பின்னரும் விமானிகள் பாவிப்பான் (சிமுலேட்டர்) எனப்படும் பயிற்சிக் கருவியில் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சோதிக்கப்படுகின்றனர்.

நுட்பத் திறன்கள்

* கைமுறை இயக்கம்: தானியங்கி உதவியின்றி விமானத்தின் உயரம், வேகம், திசை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துதல். 2009 சூன் 1 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்த ஏர் பிரான்சு 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததால் தானியங்கிச் செலுத்தி விலகிக்கொண்டது. அதன் பின் விமானம் ஏற்றவிசையை இழந்ததை விமானிகள் அறிந்து சரிசெய்யவில்லை. 228 பேர் உயிரிழந்தனர்.
* தானியங்கிகளின் இயக்கம்: தானியங்கி அப்போது என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யும் என்பதை அறிந்திருத்தல்.
* நடைமுறை அறிவு: சரிபார்ப்புப் பட்டியல்கள், அவசரகால நடைமுறைகள், வானிலை, எரிபொருள், எடை ஆகியவை பற்றிய கணக்குகள்.

நுட்பத் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டு, மேலெழும்போது பின்பற்றப்படும் முடிவு வேகம் ஆகும். ஒவ்வொரு பயணத்திற்கும் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை முதலியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. இவ்வேகத்தை எட்டும் முன் பெரும் பழுது தோன்றினால் விமானத்தை நிறுத்தலாம். எட்டிய பின்னர் எஞ்சிய ஓடுபாதைக்குள் நிறுத்த இயலும் என்ற உறுதி இல்லாமையால் மேலெழவே வேண்டும்.

நுட்பம் சாராத் திறன்கள்

1990களின் இறுதியில் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டு முறை, இத்திறன்களை ஒத்துழைப்பு, தலைமையும் மேலாண்மையும், சூழல் உணர்வு, முடிவெடுத்தல் என நான்காகப் பகுக்கிறது. பணிச்சுமையைப் பகிர்தலும் களைப்பை அறிந்து ஓய்வெடுத்தலும் இவற்றுடன் இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன.

பயணிகள் விமானத்தில் ஒருவர் இயக்கும் விமானியாகவும் மற்றவர் கண்காணிக்கும் விமானியாகவும் பணிபுரிவர். கண்காணிப்பவர் வெறும் உதவியாளர் அல்லர்; இயக்குபவரின் பிழையைக் கண்டு சொல்வதே அவருடைய முதன்மைக் கடமையாகும். பதவியிலும் வயதிலும் மூத்தவரிடம் பிழையைச் சுட்டத் தயங்குவது அதிகார இடைவெளி எனப்படுகிறது. இத்தயக்கத்தைக் குறைப்பது தலைமை விமானியின் பொறுப்பும் ஆகும்.

வரலாறு

1977 மார்ச் 27 அன்று இசுப்பெயினின் தெனெரீபு தீவில் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். மேலெழத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என ஐயம் எழுப்பினார். தலைமை விமானி விலகிவிட்டதாகவே எண்ணித் தொடர்ந்தார். 1978 திசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரருகே, சக்கரக் கோளாற்றில் கவனம் முழுவதையும் செலுத்திய குழுவினரின் விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. பத்துப் பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளை அடுத்து, 1979ஆம் ஆண்டில் நாசா நடத்திய பயிலரங்கில் விமானிக் குழு வள மேலாண்மை என்னும் கருத்து வடிவம் பெற்றது. 1981இல் யுனைட்டெட் ஏர்லைன்சு நிறுவனம் இதனைப் பயிற்சியாக அறிமுகப்படுத்தியது. 1989 சூலை 19 அன்று அந்நிறுவனத்தின் விமானமொன்று நீரியல் அமைப்புகள் அனைத்தையும் இழந்தபோது, பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி உட்பட நால்வர் இணைந்து இயந்திர விசையை மட்டும் கொண்டு அதனைச் சூ நகரில் இறக்கினர். விமானம் தரையில் சிதறியபோதும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர்.

இந்திய நிகழ்வுகள்

மங்களூர், 2010: மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்சுபிரசு 812 விமானம், மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் தப்பினர். பயணத்தின்போது தலைமை விமானி நெடுநேரம் உறங்கியிருந்தார். தரையிறக்கத்தைக் கைவிடுமாறு துணை விமானி மூன்று முறை கூறியும் அவர் தொடர்ந்தார் என்று விசாரணை அறிக்கை தெரிவித்தது.

திருச்சிராப்பள்ளி, 2018: அக்டோபர் 12 அதிகாலையில் 136 பேருடன் துபாய் புறப்பட்ட ஏர் இந்தியா எக்சுபிரசு 611 விமானம், மேலெழும்போது வழிகாட்டு அலைவாங்கியிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோது தலைமை விமானியின் இருக்கை திடீரெனப் பின்னோக்கிச் சாய, இயந்திர விசை தற்செயலாகக் குறைந்தது. விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கருவிகள் இயல்பு நிலையைக் காட்டியதால் விமானம் அரபிக்கடலின் மேல் பயணத்தைத் தொடர்ந்தது. பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டு, ஏறத்தாழ நான்கு மணிநேரத்தின் பின் பாதுகாப்பாக இறங்கியது.

கோழிக்கோடு, 2020: ஆகத்து 7 அன்று மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்சுபிரசு 1344 விமானம், 8858 அடி நீள ஓடுபாதையின் நடுப்பகுதியில்தான் தரையைத் தொட்டது. 190 பேரில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். துணை விமானி மீண்டும் மேலெழுமாறு கூறியும் அது நிறைவேற்றப்படவில்லை. அவர் தாமே கட்டுப்பாட்டை ஏற்றிருக்கவும் வேண்டும் என விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. மங்களூர் விபத்திற்குப் பத்தாண்டுகளின் பின்னும், சொல்லப்பட்ட எச்சரிக்கை செயலாக மாறவில்லை.

திருச்சிராப்பள்ளி, 2024: அக்டோபர் 11 அன்று 140க்கும் மேற்பட்டோருடன் சார்சா புறப்பட்ட ஏர் இந்தியா எக்சுபிரசு 613 விமானத்தில் நீரியல் அமைப்பில் கோளாறு தோன்றியது. போயிங் 737 வகை விமானத்தில் எரிபொருளை வானில் வெளியேற்றும் வசதி இல்லை. எனவே எரிபொருளை எரித்து எடையைக் குறைக்க, விமானம் இரண்டு மணிநேரத்திற்கும் மேலாக வட்டமிட்டது. பின்னர் திருச்சிராப்பள்ளியிலேயே பாதுகாப்பாக இறங்கியது. விரைந்து இறங்குவதைவிட, காலத்தைப் பயன்படுத்தி ஆயத்தமாவது சில வேளைகளில் சிறந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஐயத்தை எடுத்துரைக்கும் முறை

இளைய விமானிகளுக்கு எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்தும் முறை கற்பிக்கப்படுகிறது.

1. வினவுதல்: நமது வேகம் சரியாக உள்ளதா?
2. எச்சரித்தல்: வேகம் வரம்பை மீறியுள்ளது.
3. எதிர்த்துரைத்தல்: இந்நிலையில் இறங்கக் கூடாது, மேலெழுங்கள்.
4. செயற்படுதல்: கட்டுப்பாட்டை நான் ஏற்கிறேன்.

முதல் மூன்றும் பேச்சு, நான்காவது செயல். தரையிறங்கும்போது இவற்றுக்குக் கிடைக்கும் காலம் சில நொடிகளே. ஆகவே உயரம், வேகம், இறங்கு வீதம் ஆகியவற்றுக்கு எல்லைகள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. குறிப்பிட்ட உயரத்தில் அவ்வெல்லைகளுக்குள் விமானம் இல்லையெனில் மீண்டும் மேலெழுவது கட்டாயம்.

பிற துறைகளில்

ஒருவரின் பிழை பலரின் உயிரைப் பறிக்கக்கூடிய பிற தொழில்களுக்கும் இத்திறன்கள் பொருந்தும். உலக சுகாதார அமைப்பு 2008இல் அறுவை மருத்துவத்திற்கெனச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசுத் தொழிலும் இத்தகையதே. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டுச் சூடேறினால், அதனை முதலில் உணரக்கூடியவர் அதைக் கையாளும் தொழிலாளி. மேற்பார்வையிடும் போர்மேன் அந்த அறையில் இல்லாதிருக்கலாம். வேலையை நிறுத்துமாறு அத்தொழிலாளி அச்சமின்றிக் கூறவும், கூறியவுடன் அறையிலுள்ளோர் வெளியேறவும் வேண்டும். விமானி அறையில் துணை விமானியின் சொல்லுக்கு உள்ள மதிப்பே இங்கு தொழிலாளியின் சொல்லுக்கும் தேவைப்படுகிறது.