கடலின் இடஞ்சுழிகள்

1984 அக்டோபரில் சாலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற கடலியலாளர் பால் ஸ்கல்லி-பவர், வெயில் பட்டு மின்னிய கடல்பரப்பில் நத்தை ஓடு போலச் சுருண்ட வரிகளைக் கண்டு படமெடுத்தார். முந்தைய விண்வெளி வீரர்களும் அவற்றைக் கண்டதுண்டு. ஆனால் அவை கடலெங்கும் இவ்வளவு பரவியிருப்பது அப்போதுதான் புலப்பட்டது. 2000இல் கடலியலாளர் வால்டர் மங்க் குழுவினர் அப்படங்களை ஆராய்ந்தபோது அந்தந்த அரைக்கோளத்தில் ஏறத்தாழ எல்லாச் சுருள்களும் ஒரே திசையில் சுழல்வது தெரிந்தது. வட அரைக்கோளத்தில் அது இடஞ்சுழி. வேகமான வலஞ்சுழிகள் பூமியின் சுழற்சியால் நிலைகுலைந்து உடைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

நடுக்கடலின் பெருஞ்சுழல்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் விரிந்து மாதக்கணக்கில் நீடிக்கும். கரையோரச் சுழிகளோ சில கிலோமீட்டர் முதல் 50 கிலோமீட்டர் வரை அகலம் கொண்டவை. அவற்றில் பலவும் சில நாட்களிலேயே கலைந்துவிடும். தெற்குக் கலிபோர்னியக் கரையோரம் இவற்றுக்குப் பேர்போன இடம். அங்கே சான்டா கேட்டலினா, சான் கிளமென்டே போன்ற தீவுகளையும் நிலமுனைகளையும் நீரோட்டம் உரசிச் செல்கையில் சுழிகள் பிறக்கின்றன. இடஞ்சுழியின் நடுவே ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலெழும், நுண்பாசிகள் செழிக்கும். மீன்குஞ்சுகளையும் எண்ணெய்க் கசிவையும் சுழிகள் திசைமாற்றிக் கொண்டுசெல்லும்.

இவற்றைப் பார்க்க இரண்டு வகைச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. ஒன்று ரேடார் வகை. உயிரினங்கள் கசியவிட்டு, சுழியோடு சுருளும் எண்ணெய்ப்படலம் சிற்றலைகளை அடக்குவதால், அந்த இடம் ரேடார் படத்தில் கருவரியாகத் தெரியும். மேகமோ இரவோ ரேடாருக்குத் தடையில்லை. ஆனால் காற்று பலமாக வீசினால் படலம் சிதறிவிடும். மற்றொரு வகை கடலின் நிறத்தை அளக்கிறது. பச்சையம் நீல ஒளியை விழுங்குவதால் பாசி மிகுந்த நீர் பச்சையாகிறது. ஆனால் 1997இல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் போன்ற கருவிகளின் ஒரு படப்புள்ளி சுமார் ஒரு கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர்ச் சுழி குறுக்கே ஐந்தே புள்ளிகள்தான். கரையருகே ஆற்றுச் சேறும் கரைந்த மக்குப்பொருளும் கலந்தால் பச்சையக் கணக்கு தவறும்.

இங்கேதான் கப்பல் தேவைப்படுகிறது. கடலில் இறக்கும் ஒளிமானி ஒவ்வோர் ஆழத்திலும் எஞ்சும் ஒளியை அளக்கும். இன்னொரு கருவி நீல ஒளியைப் பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் சிவப்பொளியை அளக்கும். மூன்றாவது, நீரினூடே ஓர் ஒளிக்கற்றையை அனுப்பிக் கலங்கலைக் கணக்கிடும். செயற்கைக்கோள் எட்டாத ஆழத்துப் பாசியடுக்கும் இப்படித்தான் தெரியவரும். கப்பலுக்கும் ஒரு குறை உண்டு: அது குறுக்கே ஓடி முடிப்பதற்குள் சுழி நகர்ந்துவிடும்.

2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களையும், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோள் நூற்றுக்கும் மேற்பட்ட நிறப்பட்டைகளையும் அளக்கின்றன. கருவிகள் எவ்வளவு கூர்மையானாலும், கப்பலில் அளந்து சரிபார்க்காத கரையோரக் கடலின் நிறக்கணக்கை முழுதாக நம்ப முடியாது.