கண்ணுக்குத் தெரியாத வாயுவை அளப்பது எப்படி?

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். எண்ணெயை லிட்டரால் அளக்கிறோம். காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவை எப்படி அளப்பது? அதற்கு நிறம் இல்லை. கண்ணுக்கும் தெரியாது.

விறகு எரிந்தால் கரியமில வாயு வருகிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிந்தாலும் வருகிறது. காற்றில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்ல ஒரு கருவி உண்டு. அதன் பெயர் அகச்சிவப்பு வாயு அளவி.

அகச்சிவப்புக் கதிர் என்றால் என்ன?

எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டுங்கள். தொடாமலே சூடு தெரிகிறது அல்லவா? அடுப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வருகின்றன. அவைதான் அகச்சிவப்புக் கதிர்கள். கரியமில வாயு இவற்றில் சில கதிர்களை விழுங்கிவிடும். காற்றில் அதிகமாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அவற்றை விழுங்குவதில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் கரியமில வாயு கலக்காத வாயுவை அடைத்திருப்பார்கள். மற்றொன்றில் அளக்க வேண்டிய காற்றைச் செலுத்துவார்கள். இரண்டு குழாய்களுக்குள்ளும் ஒரு முனையிலிருந்து அகச்சிவப்புக் கதிர் பாயும். மறு முனைக்கு எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று கருவி பார்க்கும். முதல் குழாயில் கதிர் குறையாமல் வரும். இரண்டாவது குழாயில் குறைந்து வரும். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு கரியமில வாயு அந்தக் காற்றில் இருக்கிறது.

நீராவியும் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். எனவே காற்றைக் குளிர வைத்து, முதலில் ஈரத்தை நீக்கிவிடுவார்கள்.

தராசு சரியா என்று அறிய முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். அதுபோல, அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து உள்ளே விட்டுக் கருவியையும் சோதிப்பார்கள்.

மலை மேல் ஒரு கணக்கு

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்கே மௌனா லோவா என்ற எரிமலை இருக்கிறது. அதில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் தொலைவில் உள்ள இடம் அது. 1958 மார்ச் மாதம், சார்லஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானியின் முயற்சியால் இந்தக் கருவி அங்கே அளக்கத் தொடங்கியது. அந்த ஒரே கருவி 2006 வரை உழைத்தது.

தொடக்கத்தில் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 313 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி சுமார் 424 பங்கு.

செடிகொடிகள் தழைக்கும் மாதங்களில் இந்த அளவு சற்றுக் குறைகிறது. பிறகு ஏறுகிறது. ஆனால் ஆண்டுச் சராசரி ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

இதனால் நமக்கு என்ன?

வெயிலில் காய்ந்த பூமியும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விடுகிறது. கரியமில வாயு அதையும் விழுங்கி, சூட்டைத் தேக்குகிறது. கருவிக்கு உதவும் அதே குணம்தான் பூமியின் வெப்பத்தையும் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் மழையும் விளைச்சலும் பாதிக்கப்படும். புகை எங்கே எழுந்தாலும் காற்று எல்லோருக்கும் பொது.

யோசித்துப் பாருங்கள்

1. அளப்பதற்கு முன் காற்றின் ஈரத்தை ஏன் நீக்க வேண்டும்?
2. 1958 முதல் 2024 வரை கரியமில வாயு எத்தனை பங்கு கூடியது?
3. உங்கள் ஊரில் எங்கெங்கே புகை எழுகிறது? எதைக் குறைக்கலாம்?