மூணு பந்து, பத்து மூச்சு

குழந்தைகளுக்கு மூச்சு பிசியோதெரபின்னு சொன்னதும் பலருக்கு முதுகில் தட்டுவதுதான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப்போறது வேற: ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள மூணு பந்து.

முதல்ல பந்தலூருக்குப் போவோம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பந்தலூர், கூடலூர் பக்கம் பணியர் குடும்பங்களில் இந்த ரத்த நோய் இன்றும் இருக்கு. அஷ்வினி அமைப்பு நடத்தும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இவர்களுக்குத் தொடர் சிகிச்சை தருகிறது.

ரத்த நோய்க்கும் மூச்சுப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு வலி வரும், விலா எலும்பிலும் வரும். வலிச்சா மூச்சை மேலோட்டமாத்தான் இழுப்பாங்க. நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகாது, அங்கே காற்றுப்பைகள் சுருங்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். குறைந்தால் இன்னும் நிறைய சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைக்கும். ஆக்சிஜன் மறுபடி குறையும். நம்ம கோடிங் பாஷையில், பிரேக் இல்லாத லூப். அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் என்பார்கள். உயிரையே எடுக்கும்.

அந்த லூப்பை உடைக்கத்தான் டப்பா. பேரு ஸ்பைரோமீட்டர், விலை சில நூறு ரூபாய். குழாயை வாயில் வைத்து மெதுவா, ஆழமா உள்ளே இழுக்கணும். பந்து மேலே ஏறும், சில நொடி அங்கேயே நிறுத்தணும். ஊதக் கூடாது, நிறைய பேர் ஊதுறாங்க!

1995-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. நெஞ்சு வலி, முதுகு வலியோடு அட்மிட் ஆன 8 முதல் 21 வயது வரையிலான அரிவாள் செல் நோயாளிகளை, விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மூச்சு இழுக்க வைத்தார்கள். செய்தவர்களில் 19 அட்மிஷனுக்கு 1-ல் நுரையீரல் பாதிப்பு. செய்யாதவர்களில் 19-க்கு 8. சின்ன ஆய்வுதான், ஆனா வித்தியாசத்தைப் பாருங்க.

நாலு வயசுப் பிள்ளைக்கு இது புரியாது. சோப்புக் குமிழியோ காத்தாடியோ கொடுங்க. ஊதுறதுக்கு முன்னாடி ஆழமா இழுத்தாகணுமே, அதுதான் வேணும். கைக்குழந்தையிடம் இதெல்லாம் நடக்காது. (சளி பிடித்துக் கைக்குழந்தைக்கு வரும் பிராங்கியோலைட்டிஸில் முதுகைத் தட்டுவதால் பலன் இல்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு சொல்லுது.)

ஒண்ணு மட்டும்: டப்பா தடுக்கத்தான், சிகிச்சைக்கு இல்லை. அரிவாள் செல் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோ நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், ராத்திரி மழையில் ஜீப் பிடிக்கணும்னாலும் விடியும்வரை காத்திருக்காதீங்க.