கரைகள் எழுதிய வரலாறு: காகா நெல் தோட்டப் பூங்கா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கில், அட்லாண்டிக் கடலையொட்டி அமைந்த மாநிலம் தென் கரோலினா. அதன் பழம்பெரும் துறைமுக நகராகிய சார்ல்ஸ்டனிலிருந்து 17ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், ரவனெல் என்னும் சிற்றூரின் அருகே காகா என்ற பெயருடைய பூங்கா ஒன்றைக் காண்பர். சார்ல்ஸ்டன் மாவட்டத்தின் பூங்கா ஆணையம் அதனைப் பேணி வருகின்றது. ஏறத்தாழ 650 ஏக்கர் பரப்பு. ஆறு மைலுக்கு மேற்பட்ட நடைபாதைகள். சதுப்பின் மேல் மரப்பலகை பாவிய நெடிய பாலங்கள். பறவை காண விழைவோர், பள்ளி மாணவர், வரலாற்று ஆர்வலர் எனப் பலதிறத்தாரும் அங்கு வருகின்றனர்.

முதற்பார்வைக்கு அவ்விடம் இயற்கைக் காடாகவே தோன்றும். ஆயின் அது முன்னாளில் 5,000 ஏக்கர் அளவினதாகிய ஒரு நெல் தோட்டத்தின் பகுதி. 'தோட்டம்' என்பதை ஈண்டு, 'ரப்பர்த் தோட்டம்' என்று வழங்கும்போது கொள்ளும் பொருளிலேயே கொள்ள வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கு உழைத்தவர்கள் கூலி பெற்றவர்கள் அல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்து சந்தையில் விற்கப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழியினருமே ஆவர். இன்று காண்போர் வியக்கும் நீர்ப்பரப்புகளுள் எவ்வளவு இயற்கையின் ஆக்கம், எவ்வளவு அம்மக்களின் கைவேலை என்பதை அறிந்து செல்பவர்க்கே அப்பூங்கா முழுமையாக விளங்கும்.

சதுப்பு வயலான வகை

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரோலினாவில் நெல் வேரூன்றியது. பொன்னிற உமியால் 'கரோலினாப் பொன்' எனப் பெயர் பெற்ற நெல் வகை பிற்காலத்தில் உலகச் சந்தையில் புகழ் பெற்றது. சார்ல்ஸ்டன் நகரத்து மாளிகைகள் பலவும் நெல் தந்த செல்வத்தால் எழுந்தவையே.

அந்நெல் விளைவதற்கு முதலில் காட்டை அழிக்க வேண்டியிருந்தது. சைப்பிரசு மரங்கள் அடர்ந்து நின்ற சதுப்புகளில், இடுப்பளவு சேற்றில் நின்று மரங்களை வெட்டி, வேர்களைக் கல்லி எடுத்தனர். பின்னர்ச் சதுப்பின் மேற்புறத்தில் குறுக்கே ஒரு கரை எழுப்பினர். அதன்பின் தேங்கிய மழைநீரும் ஓடைநீரும் ஏரியாயின. கீழ்ப்புறத்தில் மற்றொரு கரை எழுந்தது. இரு கரைகட்கும் இடைப்பட்ட நிலம் வயலாயிற்று. மேலை ஏரியின் நீர் வாய்க்கால் வழியே தானாக இறங்கி வயலில் பாயும். வேண்டாதபோது கீழ்க்கரை வழியே வெளியேறும். நாற்று வளரும் காலத்து நீர் நிறுத்துவது பயிருக்கு உணவாவதோடு களையையும் அழித்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், கடலின் ஏற்றவற்றத்தால் ஆற்றுநீர் உயர்ந்து தாழும் இடங்களிலும் வயல்கள் பெருகின. அங்கு ஏற்றம் நன்னீரை வயலுக்குள் தள்ளும். வற்றம் அதனை வெளியே இழுக்கும்.

இம்முறைகள் இரண்டிற்கும் உயிர்நாடி மதகு. கரையின் அடியில் புதைத்த நீண்ட மரப்பெட்டி அது. அதன் இரு முனைகளிலும் ஏற்றி இறக்கத்தக்க கதவுகள் இருக்கும். தொடக்கக் காலத்தில் குடைந்த மரத்தண்டே மதகாகப் பயன்பட்டதென்றும், அதனாலேயே அதற்கு ஆங்கிலத்தில் 'மரத்தண்டு' என்று பொருள்படும் பெயர் நிலைத்ததென்றும் கூறுவர். மதகைக் காக்கும் பொறுப்பு அனுபவம் மிக்க ஓர் அடிமையிடமே விடப்பட்டது. அவர் கணிப்பு ஒருநாள் தவறினும் ஆண்டு முழுவதன் விளைவும் அழியக்கூடும். தம் உடலுக்கே தாம் உரிமையில்லாத ஒருவர், தோட்டம் முழுவதற்கும் உரிய நீரை ஆண்டு வந்தார் என்பது எண்ணத்தக்கது.

அறிவு யாருடையது?

இக்கரைகளைக் கட்டிய உழைப்பு அடிமைகளுடையது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. கட்டும் முறையை வகுத்த அறிவு யாருடையது? ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிகழும் வழக்கு இதுவே.

பழைய நூல்கள் அப்பெருமையைத் தோட்ட முதலாளிகட்கே அளித்தன. 1974இல் பீட்டர் வுட் என்னும் வரலாற்றாசிரியர் அக்கருத்தை மறுத்தார். கரோலினாவில் குடியேறிய ஆங்கிலேயர் நெல் விளைத்துப் பழகாதவர். மேற்கு ஆப்பிரிக்க மக்களோ வழிவழியாக நெல் விளைத்தவர். ஆதலின் கற்பித்தவர் யாரென ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். 2001இல் ஜூடித் கார்னி என்னும் புவியியல் அறிஞர் இதனை மேலும் விரித்தார். கினி முதலிய பகுதிகளில் அலையாத்திக் காடுகளை அழித்துக் கரையிட்டு, குடைந்த மரத்தால் நீர் வடித்து நெல் விளைக்கும் முறையை எடுத்துக்காட்டினார். குதிகாலால் குழிசெய்து விதையிட்டுப் பாதத்தால் மண்ணை மூடுதல், உரலிலிட்டு உலக்கையால் குற்றுதல், புல்லால் பின்னிய வட்ட முறத்தில் புடைத்தல் ஆகியவை கடலின் இருபுறமும் ஒத்திருத்தலையும் அவர் சுட்டினார். சார்ல்ஸ்டன் செய்தித்தாள்களில் வெளிவந்த அடிமை விற்பனை விளம்பரங்களும், 'நெற்கரை'யிலிருந்து வந்தவர்கள் என்று கூறி வாங்குவோரை ஈர்த்தன.

2007இல் எல்டிஸ், மோர்கன், ரிச்சர்ட்சன் என்னும் மூவர் மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். அடிமைக் கப்பல்களின் பதிவேடுகளை ஆராய்ந்த அவர்கள், நெல் விளையும் பகுதியினரையே முதலாளிகள் தேடி வாங்கினர் என்பதற்கு அக்கணக்குகள் போதிய சான்று தரவில்லை என்றனர். ஆப்பிரிக்கர், ஐரோப்பியர் ஆகிய இருசாராரின் முயற்சியும் சேர்ந்தே அம்முறை உருவாயிற்று என்பது அவர்கள் துணிபு. வழக்கு இன்னும் முடிவுறவில்லை. எனினும், அடிமைகள் வெறுங்கைகளாக மட்டுமே இருந்தனர் என்னும் பழங்கருத்தை இன்று ஆய்வுலகில் ஒருவரும் எடுத்துரைப்பதில்லை. இம்மாற்றமே பெரிது.

எழுத்து மறுக்கப்பட்டவர்கள்

இவ்வழக்கு இத்துணை நீண்டதற்கு ஒரு காரணம், அடிமைகள் தம் கைப்பட எழுதிய சான்றுகள் மிக அரியனவாய் இருத்தல். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது காகாப் பூங்காவிலிருந்து சில மைல் தொலைவில் நிகழ்ந்தது.

1739ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோனோ ஆற்றருகே ஏறத்தாழ 20 அடிமைகள் ஒன்றுகூடி, ஒரு கடையைத் தாக்கிப் படைக்கலங்களைக் கைப்பற்றினர். ஜெம்மி என்பவர் அவர்களின் தலைவர் என்று பழைய குறிப்பு ஒன்று கூறுகின்றது. கொடி பிடித்து, முரசறைந்து, விடுதலை என முழங்கித் தெற்கே நடந்தனர். அடைக்கலம் புகுவோர்க்கு விடுதலை அளிப்பதாக அறிவித்திருந்த ஸ்பானிய ஃபுளோரிடாவே அவர்கள் நாடிய இடம். வழியில் மேலும் பலர் சேர்ந்தனர். வெள்ளையர் 20 பேருக்கு மேல் மாண்டனர். அன்று மாலைக்குள் ஆயுதந் தாங்கிய தோட்ட முதலாளிகள் சூழ்ந்துகொண்டு அவர்களை முறியடித்தனர். பிடிபட்டோர் பலர் கொல்லப்பட்டனர்.

அப்போது அக்குடியேற்றத்தில் கறுப்பினத்தவர் தொகை வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அச்சங்கொண்ட ஆட்சியினர் 1740இல் கடுஞ்சட்டம் ஒன்றை இயற்றினர். அடிமைகள் கூட்டங் கூடுதல் தடுக்கப்பட்டது. முரசும் ஊதுகொம்பும் தடுக்கப்பட்டன. அடிமை ஒருவர்க்கு எழுதக் கற்பிப்போர்க்கு 100 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. எழுத்தறிவித்தலே குற்றமாயிற்று.

எழுத்து மறுக்கப்பட்ட அம்மக்கள் விட்டுச் சென்ற மிகப்பெரிய ஆவணம் மண்ணிலேயே உளது. நேராக ஓடும் கரை, அளந்து வெட்டிய வாய்க்கால், மதகு புதைத்த இடம் ஆகியவை அவர்தம் கணக்கறிவையும் நீரறிவையும் காட்டும் சான்றுகள். அவர் மரபினராகிய கல்லா மக்கள் இன்றும் அக்கடற்கரையில் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் மொழியில் ஆப்பிரிக்கச் சொற்கள் மிகுதியாக இருத்தலை லொரன்சோ டௌ டர்னர் என்னும் மொழியறிஞர் 1949இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். முறம் பின்னும் அவர்களின் கலை இன்றும் சார்ல்ஸ்டன் தெருக்களில் விற்கப்படும் புற்கூடைகளில் வாழ்கின்றது.

வயலுக்குப் பறவை வந்த கதை

உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. உரிமை பெற்றவர்கள் அச்சேற்று வேலையைப் பழையபடி செய்ய விரும்பவில்லை. லூசியானா, ஆர்க்கன்சா, டெக்சாஸ் மாநிலங்களில் இயந்திரங்கொண்டு நெல் விளைக்கத் தொடங்கினர். 1893, 1911ஆம் ஆண்டுகளின் கடும்புயல்கள் கரோலினாவின் கரைகளை உடைத்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு நெல் வாணிகம் மறைந்தது.

அதன்பின் கரோலினாவின் பழைய நெல் தோட்டங்கள் பலவற்றை வடநாட்டுச் செல்வர் வாங்கினர். நெல்லுக்காக அல்ல, வாத்து வேட்டைக்காக. நீர் தேங்கிய பழவயல்களில் குளிர்காலத்தே வாத்துகள் திரள்திரளாய் இறங்கின. ஆதலின் அவர்கள் கரைகளையும் மதகுகளையும் பழுதுபார்த்துக் காத்தனர். பிற்காலத்தில் வேட்டை நிலங்கள் சில காப்பிடங்களாயின. நெல்லுக்கென அமைந்த நீர்முறை பறவைக்குப் பயன்படலாயிற்று.

காகாவிலும் பழைய முறையிலான மதகுகள் கொண்டே நீர்மட்டம் ஆளப்படுகின்றது. மட்டத்தை உயர்த்தினால் வாத்துகள் நீந்தும். தாழ்த்தினால் கொக்கும் நாரையும் சேற்றில் இரை தேடும். வெண்தலைக் கழுகு, பிளந்த வாலையுடைய பருந்து, நீர்நாய், கரையேறி வெயில் காயும் அலிகேட்டர் முதலை ஆகியவற்றையும் அங்கே காணலாம்.

பாபலிங்க் என்னும் சிறு குருவி தனியே குறிப்பிடத்தக்கது. அதன் விலங்கியற் பெயரில் 'ஒரைசிவோரசு' என்பதற்கு 'நெல்லுண்ணி' என்று பொருள். வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்துத் தென் அமெரிக்காவில் குளிர்காலம் கழிக்கும் அக்குருவி, விதைப்புக் காலத்தும் கதிர் முற்றும் காலத்தும் கரோலினா வயல்களில் கூட்டங்கூட்டமாக இறங்கும். அதனை ஓட்டுவதற்கு அடிமைகளை விடிந்தது முதல் அடையும்வரை வயலில் நிறுத்தினர். அன்று கல்லெறிந்து விரட்டிய குருவியை இன்று காண்போர் தொலைநோக்கியுடன் காத்திருந்து வரவேற்கின்றனர்.

கற்பிக்கும் பூங்கா

வழிகாட்டி உடன்வரும் பறவை நடைகளும், பள்ளி மாணவர்க்கான இயற்கை, வரலாற்றுப் பாடங்களும் அங்கு நடைபெறுகின்றன. நாய்களையும் மிதிவண்டிகளையும் உள்ளே விடுவதில்லை; அமைதி குலைந்தால் உயிரினங்கள் அகன்றுவிடும் என்பதே காரணம். நடைபாதைகளிற் பல, பழைய வயற்கரைகளின் மேலேயே செல்கின்றன. ஆதலின் அங்கு நடப்பவர், அடிமைகள் சேறு சுமந்து உயர்த்திய மண்ணின் மேலேயே நடக்கின்றார்.

பழந்தோட்டங்கள் பூங்காவாதல் உலகில் பெருகி வருகின்றது. அவற்றுட் பல, முதலாளியின் மாளிகையையும் மலர்ச்சோலையையும் முன்னிறுத்தி, உழைத்தோர் கதையைச் சிறு பலகையொன்றில் முடித்துவிடுகின்றன. காகாவில் வயலும் கரையுமே முதன்மை பெறுகின்றன. எந்தப் பழந்தோட்டத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் மூன்று வினாக்களை முன்வைத்தல் நன்று. இந்நிலத்தின் வடிவை மாற்றியவர் யார்? அவர்க்குக் கிடைத்தது என்ன? அவர் செய்த வேலையில் எது இன்றும் பயன் தருகின்றது? இவற்றிற்கு விடை தேடும் மாணவன், வரலாறு ஏட்டில் மட்டும் இல்லை என்பதைத் தானே கண்டுகொள்வான்.