அரசியல் கொந்தளிப்பில் அமுங்கும் உடல்நலச் செய்தி: நம் உரிமை என்ன?

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. அடுத்த சில நாள்களில் காலடிப்பேட்டைக்கு வடக்கே எர்ணாவூர்க் கரையில் கறுப்பு எண்ணெய் திட்டுத்திட்டாக ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரி 6இல் தமிழகமெங்கும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. மறுநாள் இரவு, முதல்வர் பதவியிலிருந்து விலகியிருந்த ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் போய் அமர்ந்தார். எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு என்று தொலைக்காட்சி முழுவதையும் ஆட்சிச் சண்டையே நிறைத்தது. அதே நாள்களில், தடுப்பூசி பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போனது. பல பெற்றோர் ஊசி போடவிடாமல் தடுத்தார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

நாற்காலிச் சண்டை நடக்கிறதே என்று நோய் காத்திருப்பதில்லை. கரையில் எண்ணெய் ஒதுங்கினால் மூச்சும் தோலும் வயிற்றுப்பாடும் அன்றே பாதிக்கப்படுகின்றன. அப்போது அரசும் ஊடகமும் நம்பத்தக்க தகவலைத் தராவிட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020 ஏப்ரலில் சென்னை பார்த்தது. கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை, தொற்று பரவும் என்று அஞ்சிய கூட்டம் தாக்கியது. கண்ணியமான அடக்கமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து சொன்னது. காங்கோவில் நடந்தது இன்னும் கொடியது. 2018 டிசம்பரில் எபோலாவைக் காரணம் காட்டி பெனி, புடெம்போ பகுதிகளில் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். நோய் என்பதே அரசியல் சூழ்ச்சி என்று நம்பியவர்கள் எபோலா மையத்தைத் தாக்கினார்கள்.

நமக்குள்ள உரிமைகள்

வாழும் உரிமையில் தூய காற்றும் நீரும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாய ரசாயனம் கையாளும் ஆலை, தன் ஆபத்தையும் தப்பும் வழியையும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்ற கடமை அதில் வந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, என்ன வாயு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இந்தக் கடமை எழுத்தில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதுவே சாட்சி.

என்ன செய்யலாம்?

வாயு நெடி வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண் எரிந்தால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூச்சு முட்டினால் 108ஐ அழையுங்கள். ஒதுங்கிய எண்ணெயை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கரைக்கு விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வலையும் படகும் பாழானால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு இழப்பீடு கேட்க இவைதான் ஆதாரம்.

காற்று, நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதிலுக்குப் பொதுவான கெடு 30 நாள். உயிர் தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரம்தான். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

இழப்பீட்டுக்குச் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை ஐந்து ஆண்டுக்குள் அணுகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. அதன் எண் 15100.

நாளிதழ் தவறான தகவல் தந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். திருத்தாவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். தடுப்பூசி, மருந்து பற்றிய சந்தேகத்தை 104இல் கேளுங்கள். கேட்டுத் தெளியும்வரை, வந்த செய்தியை எந்தக் குழுவுக்கும் அனுப்பாதீர்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எந்த அணி என்று கேட்கும் நாம், நம் தெருவின் காற்றுப் பரிசோதனை முடிவு எங்கே என்றும் கேட்க வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. மீனவர் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ மகளிர் குழுவோ இந்த வாரமே ஒரு மனு எழுதுங்கள்.